யம்னா தூவிய மாவு

தல்மத் என்கிற மலைக் கிராமத்தில் மொத்தம் பத்தொன்பது வீடுகள். யம்னாவின் வீட்டையும் சேர்த்துப் பதினெட்டு வீடுகளில் அவள் விதையைத்தான் விதைத்தார்கள். மிச்சமிருந்த ஒரே வீடு புஸீத்துடையது.

கேத்தாமா மலையில் வயிற்றுக்கு வாற்கோதுமை, மற்ற எல்லாவற்றுக்கும் கஞ்சா. கிஃப் என்பார்கள். கூரைத் தகரம், பெண்ணின் கல்யாணம், பல் பிடுங்குகிற கூலி எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும். மழை நன்றாகப் பெய்த காலத்தில் விதையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அறுப்பில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிப் பானையில் போட்டு வைத்து, அடுத்த மார்ச்சில் வீசுவார்கள். மழை தப்பத் தொடங்கியதும் அந்த விதை பாதி முளைத்தது, முளைத்ததில் பாதி பூப்பதற்குள் கருகியது. யம்னா கையில் விதைவேலை வந்து சேர்ந்தது அப்போதுதான். யாரும் கொடுத்து வரவில்லை. அவளுக்கு மூக்கும் பொறுமையும் இருந்தன, அவ்வளவுதான்.

பெண் செடியைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கதிரைப் பார்த்தால் தெரியும், கசக்கினால் பிசின் விரலில் ஒட்டும். ஆண் செடிதான் கஷ்டம். அதற்குக் கதிரும் கிடையாது, பிசினும் கிடையாது. அது நல்ல ஆணா சோப்ளாங்கியா என்பது மறுவருஷம் அதன் மகள்களைப் பார்த்தால்தான் தெரியும். யம்னாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த ஆணின் பொடியை எந்தப் பெண்ணின் கிளையில் தடவினாள் என்பதற்கு நூல்தான் அடையாளம். சிவப்பு நூல், நீல நூல், ரெண்டும் முறுக்கிய நூல். இப்படிப் பதினோரு வருஷம் போட்டுப் போட்டுப் பார்த்து, ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே முற்றிவிடுகிற, வானத்துத் தண்ணீர் மட்டும் போதும் என்கிற ஒரு குட்டைச் செடியை அவள் உண்டாக்கியிருந்தாள்.

ஜூன் கடைசியில் ஆண் செடிகள் மொட்டு வைக்கும். ஒன்றே ஒன்றைத் தவிர மற்றவற்றை வேரோடு பிடுங்கிவிடுவாள். அந்த ஒன்றை மண்ணோடு பெயர்த்து எண்ணெய்த் தகர டின்னில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு, ஓடைக்கு மேலே இடிந்து கிடக்கும் பழைய மாவு மில்லுக்குக் கொண்டுபோவாள். மூன்று பக்கம் பாறை. காற்று உள்ளே வராது. மொட்டு வெடித்ததும், பனி காய்ந்த பிறகு தட்டைக் கீழே பிடித்துக்கொண்டு தண்டை விரலால் மெல்லச் சுண்டுவாள். மஞ்சளாய்ப் பூந்தாது கொட்டும். ஊரில் அதை மாவு என்பார்கள். அதைத் துணியில் சலித்து, இருமல் மருந்துக் குப்பியில் போட்டு, பார்லி மூட்டைக்குள் செருகி வைப்பாள். ஈரம் பட்டால் செத்துவிடும்.

மேலில் ஒட்டிய மாவு போக அங்கேயே ஓடையில் தலை முழுகி, பாவாடையை அலசி, ஈரத்தோடுதான் ஊருக்குள் இறங்குவாள்.

"பாரு, குளிச்சிட்டு வர்றா. ஆம்பளைகிட்ட போயிட்டு வந்திருக்கா" என்பாள் ரஹிமூ, தன் வரப்பில் உட்கார்ந்தபடி.

"ஆமாடி. உன் ஹத்தூவைவிட அவன் தேவலை. வாயே தொறக்க மாட்டான்" என்பாள் யம்னா.

ரஹிமூ பக்கத்து வீட்டுக்காரி. யம்னாவைவிடப் பத்து வயது இளையவள், மூன்று பிள்ளைகள். கணவன் ஹத்தூ நல்ல உழைப்பாளி. ஆனால் எதையும் மறைக்கத் தெரியாது. மனதில் நினைத்தது வாயில் வந்துவிடும். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இருந்ததே தவிர அதைச் சுவராக யாரும் நினைத்ததில்லை.

யம்னாவின் கணவன் மெஸியான் ஊரைவிட்டுக் கீழே இறங்காமல் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. கஞ்சா பயிரிடுகிறான் என்று யாரோ கையெழுத்தில்லாமல் எழுதிப்போட்ட ஒரு காகிதத்தால் அவன் பேரில் பிடிவாரண்டு. அந்த மலையில் அப்படிப் பல ஆயிரம் பேர். அடையாள அட்டை காலாவதியானால் புதுப்பிக்க முடியாது, சந்தைக்குப் போக முடியாது, பஸ் ஏற முடியாது. மகள் நஜாத்தைத் தெத்துவான் நகரத்தில் கட்டிக்கொடுத்தபோது மணவீட்டுக்குப் போனவள் யம்னா மட்டும்தான். மெஸியான் கூரைமேல் உட்கார்ந்து, கார்கள் மலை இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இதைச் சிரித்துத்தான் சொல்வான். "அரசாங்கத்துக்கு எம்மேல அவ்வளவு ஆசை. பாக்கணும் பாக்கணும்னு ஆள் அனுப்பிட்டே இருக்கு. நான்தான் பிகு பண்றேன்."

புஸீத் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் முதலில் ஆழ்துளைக் கிணறு போட்டவன், முதலில் பிளாஸ்டிக் விரித்துக் குளம் கட்டியவன், பள்ளிவாசலுக்குக் கம்பளம் வாங்கிக் கொடுத்தவன். அவன் விதைத்தது சீமை விதை. வெளிநாட்டுக்காரர்கள் பாக்கெட்டில் போட்டு விற்பது. முளைக்கிற எல்லாமே பெண். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், செப்டம்பர் கடைசி வரை பூத்துக்கொண்டே இருக்கும், கதிர் ஒவ்வொன்றும் முழங்கை அளவு. அதில் விதை விழக்கூடாது. விதை விழுந்தால் பிசின் குறையும், வாங்க வருகிறவன் ஒரு கதிரை உடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே போட்டுவிட்டுப் போவான்.

அதனால் ஒரு வருஷம் புஸீத் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தல்மத்தில் இனி ஒரு ஆண் செடிகூட நிற்கக்கூடாது என்றான்.

கூட்டத்துக்குத் தலைவர் ஸி அயாஷி. அங்கே ஆண்களை மரியாதையாக ஸி என்றும் பெண்களை லாலா என்றும் அழைப்பார்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஆம்பளையே நிக்கக்கூடாதா? அப்ப நாமெல்லாம் எங்கப்பா போறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புஸீத் சிரிக்கவில்லை.

முடிவில், வயலில் எவரும் ஆண் செடியை விடக்கூடாது, யம்னா மட்டும் பழைய மில்லில் ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஜூலை பாதிக்குள் அதையும் எரித்துவிட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். யம்னா அதற்கு முன்பே எரித்துவிடுவாள். அந்த வருஷமும் எரித்தாள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் புஸீத்தின் மோட்டார் பழுதானது. உதிரிபாகம் வர ஒன்பது நாள் பிடித்தது. ஒன்பது நாளும் வெயில் பாறையைப் பிளந்தது. அவன் செடிகள் தலை தொங்கி, பிறகு தண்ணீர் வந்ததும் எழுந்துகொண்டன. அறுப்புக்குக் கதிரை உடைத்துப் பார்த்தால் உள்ளே விதை. ஒன்றிரண்டில்லை; கதிர் முழுக்க.

புஸீத் அந்தக் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு யம்னா வீட்டு முற்றத்துக்கு வந்தான். அவள் அப்போது அவரைப் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையை இழுத்து விரித்து, அதில் கதிரை வைத்து, தன் கையாலேயே அவள் விரல்களை மூடி நசுக்கினான். விதைகள் அவள் விரலிடுக்கில் குத்தின.

"உன் புருஷங்களை எத்தனை பேரு தாயி என் வயல்ல மேய விட்ட?"

"வார்த்தையை அளந்து பேசுங்க ஸி புஸீத். என் ஆண் செடி ஜூலை பத்தாம் தேதியே சாம்பலாயிடுச்சு. உங்க செடி பூத்ததே ஆகஸ்ட்ல."

"குப்பியில வச்சிருப்ப. எனக்குத் தெரியாதா? ஊருக்கே விதை குடுக்கிற மகராசிக்கு, நான் மட்டும் உன்கிட்ட கையேந்தலைன்னு எரிச்சல்."

மெஸியான் உள்ளேயிருந்து வந்தான். "அண்ணே, பொம்பளை கையை விடுங்க."

"வந்துட்டான்யா சந்தைக்குப் போகாத சூரன்" என்றான் புஸீத். கையை விட்டுவிட்டான். "நான் பேசவேண்டிய எடத்துல பேசிக்கறேன்."

மறுநாள் காலையில் யம்னா யாரையும் கேட்காமல் புஸீத் வீட்டுக் கூரைக்கு ஏறினாள். அங்கேதான் அவன் அறுத்ததைக் காயப் போட்டிருந்தான். ரஹிமூவும் அவள் பின்னாலேயே ஏறினாள், கைகலப்பு வந்தால் பிடித்துக்கொள்ள. யம்னா ஒவ்வொரு செடியாகப் புரட்டி, இலைகளை விலக்கிக் கதிருக்குள் பார்த்தாள். நாலாவது செடியிலேயே கிடைத்துவிட்டது. பெண் கதிரின் நடுவில், குட்டி வாழைப்பழம் மாதிரி மஞ்சளாய் வளைந்த ஆண் பூக்கள். வெயிலில் தவித்த செடி, இனி பிழைக்கமாட்டோம் என்று பயந்து, தானே ஆணாகித் தன்னையே கருத்தரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. சீமை விதை அப்படிச் செய்யும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அந்தச் செடியைத் தூக்கிக்கொண்டு நேரே பள்ளிவாசல் முற்றத்துக்குப் போனாள். ஸி அயாஷி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இளவட்டங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹத்தூ சத்தமாகவே சொல்லிவிட்டான்: "ஸி புஸீத், உங்க பொண்டாட்டிமாருக்கே மீசை மொளைச்சிருக்கு. அதுக்கு லாலா யம்னா என்ன பண்ணுவா?"

சிரிப்பு எழுந்தது. புஸீத்தின் முகம் வெளிறியது. அவன் அந்தச் செடியைக் கையில் வாங்கவே இல்லை. எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது, அவனுக்கும்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் சந்தையில் அவன் ஒரு போலீஸ் அதிகாரியோடு தேநீர் குடித்திருந்தான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அவன் போகவில்லை. ஊர் சிரித்திருக்காவிட்டால் போயிருப்பானோ என்னவோ.

நவம்பரில் வந்தார்கள். மூன்று ஜீப்புகள், விடிந்து கொஞ்ச நேரத்தில். நாய்கள் குரைத்ததுமே மெஸியான் பின்பக்கமாக ஓடி தேவதாரு காட்டுக்குள் புகுந்துவிட்டான். போலீஸ்காரர்கள் ரொட்டி மாவுப் பானையைக் கொட்டினார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், கீழ்ப்பாதையில் ரெண்டு பேரை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ரெண்டு பேர் பதினோரு நாள் போகவில்லை. ஏழாம் நாள் பனி விழுந்தது. ரஹிமூ சுள்ளி பொறுக்கப் போகிறவள் மாதிரி ரொட்டியை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், ஒரு பாறைக்கடியில் வைத்துவிட்டு வருவாள். இரண்டு தடவை அது எடுக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் மெஸியான் தானாக நடந்து வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இழுக்கும்போது, நெஞ்சுக்குள் யாரோ துணியைக் கிழிப்பது போல் சத்தம். யம்னா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள், பூண்டு வேகவைத்துக் கொடுத்தாள். மறுநாள் இருமலில் ரத்தம் வந்தது.

"ஆசுபத்திரிக்குப் போறோம்" என்றாள்.

"வழியில செக்போஸ்ட் இருக்கு புள்ள."

"இருக்கட்டும். புடிச்சா அவனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவான்."

"அவன் கொண்டுபோற ஆசுபத்திரி எனக்குத் தெரியும். எங்க மாமன் அங்கதான் போனாரு."

ஹத்தூவும் அவளும் அவனைக் கோவேறு கழுதையில் ஏற்றி, கம்பளியால் சுற்றி, தார் ரோட்டை நோக்கி இறக்கினார்கள். பாதி வழியில், ரோடு கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில், மெஸியான் கடிவாளத்தைப் பிடித்தான். இறங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு வெகுநேரம் ரோட்டையே பார்த்தான். பதின்மூன்று வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை.

"மூணு வருஷம் உள்ள கெடந்து சாகறதவிட என் பாயில கெடந்து சாவறேன். திருப்பு."

"பேசாம ஏறு. உன்கிட்ட யாரும் கேக்கலை."

"யம்னா, கெஞ்சறேன்."

அவன் அதற்கு முன் அவளிடம் கெஞ்சினது கிடையாது. ஹத்தூ தலையைக் குனிந்துகொண்டான். கழுதையின் முகத்தை மலைப்பக்கம் திருப்பியது யம்னாவின் கைதான். அந்த ஒரு திருப்பலை அவள் பின்னால் எத்தனை தடவை மனதுக்குள் மறுபடி திருப்பிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. இன்னும் கொஞ்சம் அதட்டியிருந்தால் ஏறியிருப்பான் என்றே அவளுக்குத் தோன்றும்.

நாலாம் நாள் மத்தியானம், வெயில் முற்றத்துக்கு வந்திருந்த நேரத்தில் மெஸியான் போய்ச் சேர்ந்தான்.

மூன்று நாள் யம்னா வீட்டில் அடுப்பு எரியவில்லை. ரஹிமூதான் சமைத்துக் கொண்டுவந்தாள், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள், தெத்துவானிலிருந்து வந்த நஜாத்தை மடியில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் புஸீத் வந்தான். துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

"லாலா யம்னா" என்றான். "அவனைப் புடிக்கட்டும்னுதான் சொன்னேன். சாகட்டும்னு சொல்லலை."

அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். அதுவரை யாரும் அதை அவன் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, அவனே சொல்லிவிட்டான். யம்னா எழுந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டாள். "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்" என்றாள். அது துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்ல வேண்டிய வார்த்தை. அவன் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள். புஸீத் அதற்கு மேல் நிற்கவில்லை.

மார்ச்சில் பதினாறு வீட்டுக்காரர்கள் வந்து விதை வாங்கிப் போனார்கள். பதினேழாவதான ரஹிமூ வீடு அந்த வருஷம் கொஞ்சம்தான் வாங்கியது. ரஹிமூ கூச்சத்தோடு காரணம் சொன்னாள்.

"கீழ்க் கழனியில சீமை விதை போடலாம்னு ஹத்தூ சொல்றான். புஸீத் தண்ணி தரேன்னு சொல்லியிருக்கான். விளைஞ்சதுல பாதி அவனுக்கு. மீதிய வச்சி நாங்களும் ஒரு கெணறு தோண்டிட்டா, அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்க வேணாம். நீ கோவிச்சுக்காத."

"நான் ஏன்டி கோவிச்சுக்கறேன். தோண்டு" என்றாள் யம்னா.

நிஜமாகவே கோபமில்லை. புஸீத்தின் வயல் மேலே, ரஹிமூவின் கழனி அதற்குக் கீழே மேற்கு ஓரமாக. இரண்டுக்கும் நடுவில் அத்தி மர வரிசை. யம்னாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று பின்னால் அவளால் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்த ஜூனில் அவள் மில்லில் வைத்தது ஒரு ஆண் செடி இல்லை. ஐந்து. ஊரில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புஸீத் அவளைச் சந்தேகித்ததற்காக ஊரே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஐந்திலிருந்தும் மாவு எடுத்தாள். விதைக்கு வேண்டியது விரல்நுனி அளவு. அதைக் கோழி இறகில் தொட்டு, காற்றில்லாத காலையில் தேர்ந்தெடுத்த கிளைகளில் தடவி, சிமெண்டுச் சாக்குக் காகிதத்தால் மூடி, நூல் கட்டினாள். எப்போதும் போலத்தான். மிச்சம் இருந்தது குப்பி நிறைய. அதைப் பார்லிக்குள் புதைத்தாள். எதற்கு என்று மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கைகள் மட்டும் வேலையை ஒழுங்காகச் செய்தன.

ஆகஸ்ட் இருபதாம் தேதிவாக்கில் புஸீத்தின் செடிகள் வெள்ளை வெள்ளையாய்ப் பூமுடி நீட்டிக்கொண்டு நின்றன. அந்த வருஷம் அவன் ரெண்டு மோட்டார் வைத்திருந்தான். ஒரு செடிகூட வாடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் எல்லோரும் தொழுகையில் இருந்தார்கள். கிழக்குக் காற்று காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. அது வயலின் குறுக்கே மேல்பக்கமாகப் போகும், கீழே இறங்காது என்று யம்னா கணக்குப் போட்டாள். கிழக்கு வரப்பில் போய் நின்றாள். புல் கட்டப் போகிறவள் மாதிரி அரிவாளும் கயிறும் வைத்திருந்தாள். குப்பியைத் திறந்து, கையை உயர்த்தி, கவிழ்த்தாள்.

மஞ்சள் புகை மாதிரி அது எழுந்தது. வயலின் நடுவரை நேரே போனது. பிறகு அத்தி மரங்களில் மோதிச் சுழன்று, வெயிலில் பளபளத்துக்கொண்டு, மெல்லக் கீழே இறங்கியது.

யம்னா கத்தவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் தெளிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு கழனியைக் கழுவ முடியுமா? காலி குப்பியை மடியில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வருகிற பேச்சுச் சத்தம் கேட்டதும்தான் நகர்ந்தாள். அன்று அவள் ஓடையில் முழுகவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனாள். முகத்தை அலம்பியபோது இமையிலிருந்தும் மஞ்சள் வழிந்தது.

செப்டம்பர் கடைசியில் தெரியவந்தது. புஸீத்துக்குக் கதிருக்குப் பாதி விதை. ரஹிமூவின் கழனியில் அதைவிட மோசம். இறங்கிய காற்று அங்கே போய்த்தான் தங்கியிருக்கிறது. வாங்க வந்தவன் ஹத்தூவின் கதிரை உடைத்துப் பார்த்துவிட்டு, "இதைக் கிளிக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இந்தத் தடவை யம்னாவின் பேரை யாரும் எடுக்கவில்லை. புஸீத்தே எடுக்கவில்லை. கூட்டத்தில் அவன் எழுந்து, "என் விதையிலதான் கோளாறு. போன வருஷம் ஒரு வீட்டை அழிச்சேன், இந்த வருஷம் இன்னொரு வீட்டை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பாதி விளைச்சல் வேண்டாம் என்று ஹத்தூவிடம் சொன்னான். பாதியாக எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்கவுமில்லை.

ஸி அயாஷி அந்தப் பக்கம் போகும்போது யம்னா வீட்டு வாசலில் நின்றார். "நீ மனசு வச்சா அவனை என்ன வேணும்னாலும் பண்ணியிருக்கலாம் தாயி. குப்பி உன்கிட்ட இருந்துச்சு. நீ பண்ணலை. பெரிய மனசு உனக்கு" என்றார்.

யம்னா, "உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

கிணறு என்ற பேச்சே ரஹிமூ வீட்டில் நின்றுபோனது. ஜனவரியில் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்க ஆள் எடுப்பதாக நகரத்தில் பேர் எழுதினார்கள். பெண்கள் மட்டும்தான், அதிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற தாய்மார்கள் மட்டும்தான். பிள்ளைகள் இங்கே இருந்தால் அவர்கள் ஓடிவிடாமல் திரும்பி வருவார்களாம். ரஹிமூவுக்கு இடம் கிடைத்தது. கடைசிப் பையனுக்கு அப்போது மூன்று வயது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"அக்கா, ஹத்தூவுக்கு விதை வேணும். இந்த வருஷம் ரெண்டு கழனியிலயும் உன் விதைதான். சீமை விதையைக் கண்டாலே எனக்குக் கொமட்டுது. அப்புறம், சின்னவனைக் கொஞ்சம் பாத்துக்க. மாமியாருக்கு அவன் பின்னாடி ஓட முடியாது. உன்கிட்டதான் அவன் ஒட்டுவான்."

யம்னா பையில் விதையை அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளிய கை பானைக்குள்ளேயே நின்றது.

"ரஹிமூ, அது புஸீத் விதையோட கோளாறு இல்ல."

"எது?"

"உன் கழனி. நான்தான். குப்பியைக் கவுத்தது நான்தான். அவனுக்குன்னு கவுத்தேன். காத்து திரும்பிடுச்சு."

ரஹிமூ சிரிக்கப் பார்த்தாள். அவர்களுக்குள் எதுவும் வேடிக்கையாகத்தான் தொடங்கும். யம்னாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"எப்ப?"

"ஆகஸ்ட்ல. கெழக்குக் காத்து அடிச்ச வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுலதான சாப்பிட்ட? நான் மீன் பொரிச்சேன்."

"ஆமா."

ரஹிமூ கிட்டே வந்து யம்னாவின் கையிலிருந்து பையை வாங்கி, தானே பானைக்குள் கைவிட்டு, வேண்டிய விதையை அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டினாள்.

"இத ஹத்தூகிட்ட சொல்லாத. அவன் வாயில நிக்காது. ஊரு ரெண்டாயிடும், எம்புள்ளைங்க இங்கதான் கெடக்கணும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "சின்னவனுக்கு உன் கையால ஒரு துண்டு ரொட்டிகூடக் குடுக்காத. கேட்டியா?"

யம்னா தலையாட்டினாள்.

சின்னவனுக்கு அது தெரியவில்லை. அம்மா போன மறுநாளே சுவர் ஏறிக் குதித்து வந்து யம்னாவின் அடுப்படியில் உட்கார்ந்தான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் பாட்டியிடம் விட்டாள். அவன் மறுபடி வந்தான். இப்படி ஒரு வாரம் நடந்தது. பிறகு அவள் பகலெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருக்கப் பழகினாள். அவன் வெளியே நின்று காலால் உதைப்பான். சிறிது நேரத்தில் சலித்துப் போய்விடுவான்.

ஏப்ரலில் பயிர் ஒரு சாண் எழுந்திருந்தது. ஹத்தூவின் கழனியில் முளைப்பு நன்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யம்னா ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது அவன் வரப்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகளும் அவன் காலைச் சுற்றி நின்று, முறை வைத்துப் போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ரஹிமூவின் குரல் சின்னதாய், உடைந்து உடைந்து வெளியே கேட்டது. முதுகு வலிக்கிறதாம். பத்துப் பேருக்கு ஒரு அறையாம். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டாள். ஆடு குட்டி போட்டதா என்று கேட்டாள்.

ஹத்தூ யம்னாவைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது.

"இந்தா, லாலா யம்னா எதிர்க்கவே வந்துட்டாங்க. நூறு வயசு. பேசறியா? இரு, குடுக்கறேன்."

குடத்தை இறக்கி வைக்காமலே யம்னா நின்றாள். போனிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஹத்தூ அதைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ" என்றான். பிறகு கையை நீட்டித் திரையைப் பார்த்தான்.

"சிக்னல் போயிடுச்சு லாலா. இந்த மலையில எப்பவும் இப்படித்தான். அடுத்த தடவை பேசலாம்."

"பேசலாம்" என்றாள் யம்னா.